வராத புள்ளி

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். அடுப்படியில் நின்று பழகிய எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கரண்டியின் நுனியில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறோம். வெந்துவிட்டதென்றால் பானையை இறக்கி விடுகிறோம். மற்றப் பருக்கைகளை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

ஆனால், நேயர்களே, இந்தப் பழமொழி எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே சூடு. ஆகவே ஒன்று வெந்தால் எல்லாம் வெந்திருக்கும். பானைக்குள் எல்லாம் ஒரே சீராக இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் ஒரு பருக்கையை எடுக்கிறோம். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்து போயிருந்தால் என்ன ஆகும்? ஒரு பருக்கை குழைந்திருக்கும்; பக்கத்துப் பருக்கை பல்லில் கடிபடும். சீராக இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டால், ஒரு சோறு பதம் சொல்லாது.

இன்று நான் சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரு சந்தேகத்தைப் பற்றித்தான். விஷயம் இதுதான்: கண்ணாடிச் சில்லு போல ஒரு ஸ்படிகம். நீளம் 1 சென்டிமீட்டர். கனம் அரை மில்லிமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 3,000 கோடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அத்தனையும் ஒரே அகலமாக இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். கோடுகளோ கண்ணுக்குத் தெரியாதவை. சில்லையும் உடைக்கக் கூடாது!

இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர், "நேரியலற்ற ஒளியியல் ஸ்படிகங்களின் கட்டமைப்புச் சீர்மையை அளவிடுதல்." பெயரைக் கேட்டுப் பயந்து தொடர்கதைக்குப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிப் போகாது. பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர, உள்ளே இருப்பது ஊஞ்சலும் தையலும் குடைத் துணியும்தான்.

★

இந்த விஷயம் என் அம்மாவின் கண் வழியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு வெகு காலமாகச் சர்க்கரை வியாதி. அது மெல்ல மெல்லக் கண்ணுக்குப் போயிற்று. கண்ணின் பின்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்திருக்கின்றன, லேசர் ஒளி வைத்து அதை நிறுத்தினால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக் கொள்ளலாம் என்றார் டாக்டர். இருட்டறையில் ஒரு கருவியின் முன்னால் அம்மாவை உட்கார வைத்து, "அம்மா, தாடையை இதன்மேல் வையுங்கள், அசையாமல் இருங்கள்" என்றார். பளிச், பளிச்சென்று பச்சை வெளிச்சம். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா அசையவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியதல்ல.

"ஏண்டி, இவ்வளவு பச்சையாக ஒரு வெளிச்சத்தை எங்கேயிருந்து பிடித்தார்கள்? பச்சைக் கண்ணாடி போட்ட விளக்கா?"

டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "உள்ளே பச்சை விளக்கே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒரு ஸ்படிகத்துக்குள் போகிறது. மறுபுறம் பச்சையாக வெளியே வருகிறது. அவ்வளவுதான்" என்றார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகிறதே, அந்த மாதிரியா?" என்றாள் அம்மா. டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்திரிகைக்காரியிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டால் அவள் அதை லேசில் விடுவாளா? புத்தகங்களைத் தேடிப் படித்தேன். இயற்பியல் படித்தவர்களைப் பிடித்து வைத்துக் கேட்டேன். அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

★

கதை 1960-ல் ஆரம்பமாகிறது. அந்த வருஷம் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல்லைக் கொண்டு உலகத்தின் முதல் லேசரை ஒளிரச் செய்தார். மறு வருஷமே, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பீட்டர் பிராங்கனும் அவருடைய தோழர்களும் அந்தச் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் என்னும் பளிங்குக் கல்லில் குவித்துச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே போன சிவப்பின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே வந்ததில் பெரும்பகுதி அதே சிவப்புத்தான். ஆனால் அதோடு கூட, சரி பாதி அலைநீளத்தில், அதாவது 347 நானோமீட்டரில், சொற்பத்திலும் சொற்பமாகப் புற ஊதா ஒளி வந்திருந்தது. புகைப்படத் தகட்டில் அது ஒரு சின்னப் புள்ளியாக விழுந்தது.

நேரியலற்ற ஒளியியல் என்ற சாஸ்திரமே அந்தப் புள்ளியில்தான் பிறந்தது. அந்தப் புள்ளிக்கு நேர்ந்த கதி என்ன தெரியுமா? கட்டுரை அச்சானபோது, தகட்டில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று எண்ணி, படத்தைச் சரிசெய்தவர்கள் அதைத் துடைத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். "இதோ பாருங்கள்" என்று அம்புக்குறி காட்டுகிறது. அம்பின் நுனியிலோ ஒன்றும் இல்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவள் என்ற முறையில் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது. வயிற்றில் கொஞ்சம் புளியும் கரைத்தது.

அம்மாவின் பச்சையும் இந்த வம்சம்தான். 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி ஸ்படிகத்துக்குள் போகிறது; பாதி அலைநீளமாகிய 532 நானோமீட்டரில் பச்சையாக வருகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் போல இரண்டு பொருள் கலந்து நிறம் மாறுவதில்லை. ஒளியின் இரண்டு துகள்கள் ஸ்படிகத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்து, இரட்டிப்புச் சக்தியுள்ள ஒரே துகளாக வெளியே வருகின்றன. ஸ்படிகம் நடுவில் நின்று கல்யாணம் செய்து வைக்கும் புரோகிதர். அது தன்னில் எதையும் இழப்பதில்லை.

ஆனால் இந்தக் கல்யாணத்துக்கு ஒரு பெரிய தடை உண்டு.

★

ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்து ஆட்டுகிறீர்கள். ஊஞ்சல் முன்னால் போகும் சமயம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நீங்கள் ஊஞ்சலைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மனத்துக்குள் ஒரு தாளம் போட்டுக்கொண்டு தள்ளுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் தாளம் ஊஞ்சலின் தாளத்தைவிட ஒரு துளி வேகம். முதல் சில தள்ளல்கள் சரியாக விழும். பிறகு கொஞ்சம் முந்தும். அப்புறம் ஊஞ்சல் பின்னால் வரும் நேரத்தில் நீங்கள் முன்னால் தள்ளுவீர்கள். ஏறிய ஆட்டமெல்லாம் இறங்கி ஊஞ்சல் நின்றே போகும்.

ஸ்படிகத்துக்குள் நடப்பது இதுவேதான். அகச்சிவப்பு போகிற வழியெல்லாம் பச்சையைப் பிறப்பித்துக்கொண்டே போகிறது. ஆனால் ஸ்படிகத்துக்குள் அகச்சிவப்பைவிடப் பச்சை சற்று மெதுவாக நடக்கும். முன்னே பிறந்த பச்சையும் இப்போது பிறக்கும் பச்சையும் தாளம் தப்புகின்றன. லித்தியம் நியோபேட் என்ற ஸ்படிகத்தில் ஏறக்குறைய 3½ மைக்ரான் தூரத்திலேயே தாளம் முற்றிலும் நேர்மாறாகிவிடுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கப்பால், பிறந்த பச்சையைப் பிறக்கும் பச்சையே அழிக்கத் தொடங்குகிறது.

சில ஸ்படிகங்களை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அறுத்து வைத்தால், இரண்டு ஒளியும் ஒரே வேகத்தில் நடக்கும்படி செய்யலாம். கண் மருத்துவக் கருவிகளில் பெரும்பாலும் அந்த வகைதான். ஆனால் எல்லா ஸ்படிகத்துக்கும் எல்லா நிறத்துக்கும் இந்த உபாயம் பலிக்காது.

1962-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் நிக்கோலஸ் புளூம்பெர்கன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வேறொரு வழி சொன்னார்கள். தாளம் நேர்மாறாகும் அந்த இடத்தில் ஸ்படிகத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால் என்ன? ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறவர், தாளம் தப்பும் சமயம் பார்த்து, முன்பக்கம் போய் நின்று தள்ளுவது போல! அப்போது தப்பும் சரியாகிவிடும். மறுபடி தப்பும்போது மறுபடி பின்பக்கம். 3½ மைக்ரானுக்கு ஒரு முறை இப்படி மாறி மாறி நின்றால், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். புளூம்பெர்கனுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சொல்வது சுலபம். ஒரு தலைமயிரின் கனத்துக்குள் இருபது தடவை ஸ்படிகத்தைத் திருப்பி வைப்பது யார்? அதற்கு வெகு காலம் பிடித்தது. 1980-ல் சீனாவில் நான்ஜிங் பல்கலைக் கழகத்தார், ஸ்படிகத்தை வளர்க்கும்போதே மாறி மாறி அடுக்குகள் உண்டாகும்படி செய்து காட்டினார்கள். 1993-ல் ஜப்பானில் சோனி கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் மின்சாரத்தைக் கொண்டு அதைச் சாதித்தார்கள். அந்த முறைதான் நிலைத்தது.

லித்தியம் நியோபேட்டுக்குள் லித்தியம் அணுக்கள் ஆக்ஸிஜன் அடுக்குக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். பலமான மின் அழுத்தம் கொடுத்தால் அவை அடுக்கைத் தாண்டி மறுபக்கம் போய்விடும்; அழுத்தத்தை எடுத்த பிறகும் அங்கேயே இருக்கும். கோடு கோடாக உலோகப் பட்டைகளைப் பதித்து, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு 10,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால், பட்டைக்கு அடியில் உள்ள இடங்கள் மட்டும் தலைகீழாகும். இடைப்பட்டவை பழையபடியே இருக்கும். கோடு போட்ட ஸ்படிகம் தயார்.

★

தயார்தானா? இங்கேதான் நம்முடைய சந்தேகம் தலை நீட்டுகிறது.

பட்டைக்கு அடியில் தொடங்கும் மாறுதல் பட்டையோடு நிற்பதில்லை. துணியில் விழுந்த மைத்துளி போலப் பக்கத்திலும் பரவும். அதனால் பட்டைகளை வேண்டிய அகலத்தைவிடக் குறுகலாகவே பதிக்கிறார்கள். எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதை அளந்துகொண்டே இருந்து, போதுமான அளவு ஓடியதும் சட்டென்று நிறுத்துகிறார்கள். அப்படியும் ஓரிடத்தில் கோடு பெருத்துவிடும். ஓரிடத்தில் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். வேறோரிடத்தில் பாதி ஆழத்தோடு நின்றுவிடும். 3½ மைக்ரான் அகலத்துக்கு 500 மைக்ரான் ஆழம் அல்லவா? ஒரு முழம் கனமுள்ள சுவரை, கோணாமல் சாயாமல், 140 முழத்துக்கு மேல் எழுப்புகிற காரியம் அது. அப்படி 3,000 சுவர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல சில்லும் கெட்ட சில்லும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் பளபளவென்று கண்ணாடி போல இருக்கும். நேராக நிற்கும் இடத்துக்கும் தலைகீழாக நிற்கும் இடத்துக்கும் நிறத்திலோ தெளிவிலோ வித்தியாசம் கிடையாது.

பழைய வழி ஒன்று உண்டு. கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் சில்லைப் போடுவார்கள். நேராக உள்ள இடத்தையும் தலைகீழாக உள்ள இடத்தையும் அமிலம் ஒரே வேகத்தில் அரிக்காது. ஒன்றை அரித்து மற்றதை ஏறக்குறைய விட்டுவிடும். மேடும் பள்ளமுமாகக் கோடுகள் எழும்பி நிற்கும். பூதக் கண்ணாடியில் எண்ணி அளந்து கொள்ளலாம். ஆனால் அளந்து முடித்தபோது சில்லின் மெருகு போய்விட்டிருக்கும். மேற்பரப்பில் தெரிவதை வைத்து உள்ளே அடி வரைக்கும் அப்படித்தான் என்று சொல்லவும் முடியாது. "சரி, ஒரு சில்லைப் பலி கொடுத்து, மற்றவையும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாமே?" என்பீர்கள். அது ஒரு சோறு பதம் பார்க்கிற வேலை. எது சீராக இருக்கிறதா என்று சந்தேகமோ, அதையே சீராக இருப்பதாக நம்பிக்கொண்டு பார்க்கும் பதம்!

அணுவளவு கூர்மையான ஊசியை மேலே ஓட்டி, அதன் மூலம் மின் அழுத்தம் கொடுத்து, எந்த இடம் மேலே விம்முகிறது, எந்த இடம் கீழே தணிகிறது என்று தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியும் உண்டு. குருடர் புத்தகத்தைத் தடவிப் படிப்பது போல. அருமையான கருவிதான். ஆனால் ஒரு பார்வைக்கு அகப்படுவது கொஞ்ச இடம். 3,000 கோடுகளையும் அது படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மிச்சமிருப்பது ஒரே சாட்சி: ஒளி.

★

இரவில் குடையை விரித்து, அந்தத் துணியின் வழியாகத் தூரத்துத் தெரு விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விளக்கு பல விளக்குகளாகத் தெரியும். நடுவில் ஒன்று, இருபுறமும் வரிசையாகப் புள்ளிகள். துணியின் இழைகள் சம இடைவெளியில் இருப்பதால் ஒளி பிரிந்து செய்கிற ஜாலம் அது.

கோடு போட்ட ஸ்படிகத்தின் வழியாக மெல்லிய லேசர் ஒளியைச் செலுத்தினாலும் இப்படிப் புள்ளி வரிசை விழும். கோடுகள்தான் ஒளிக்கே வித்தியாசம் தெரியாதபடி இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஸ்படிகத்துக்கு லேசாக மின் அழுத்தம் கொடுத்தால், நேர்க்கோடுகளில் ஒளியின் வேகம் ஒரு துளி குறையும். தலைகீழ்க் கோடுகளில் ஒரு துளி கூடும். உடனே குடைத் துணி தயார். ஒரு ஜோடிக் கோட்டின் அகலம் 6.8 மைக்ரான் என்றால், ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளியைச் செலுத்தும்போது, 1 மீட்டர் தள்ளி நிற்கும் சுவரில் நடுப்புள்ளிக்கு 9 சென்டிமீட்டர் தூரத்தில் முதல் புள்ளியும், ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டாம் புள்ளியும் விழ வேண்டும். ஒளி பட்ட இடத்தில் உள்ள அத்தனை கோடுகளும் சேர்ந்து எழுதும் சாட்சிக் கடிதம் அது. ஒரு பருக்கையின் பதமல்ல, பானையின் பதம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

நேர்க்கோடும் தலைகீழ்க் கோடும் சரிபாதி அகலமாக இருந்தால், இரண்டாம் புள்ளி விழவே விழாது. அந்த இடத்துக்கு வரும் ஒளி அலைகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு விடும். முதல் புள்ளி இருக்கும், மூன்றாவது இருக்கும். இரண்டாவது இடம் இருட்டாக இருக்கும். கோடுகள் 40-க்கு 60 என்று ஏறுமாறாகப் போயிருந்தால், அந்த இடத்தில், முதல் புள்ளியின் பிரகாசத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோடு இரண்டாம் புள்ளி எட்டிப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் இன்னும் ஓர் அதிசயம். 40-க்கு 60 என்று இருக்கும் ஸ்படிகத்தில் பச்சை ஒளியின் விளைச்சல் எவ்வளவு குறையும்? அதே பத்தில் ஒரு பங்குதான்! 45-க்கு 55 ஆக இருந்தால் இரண்டாம் புள்ளி நூற்றில் இரண்டரைப் பங்கு. பச்சையில் நஷ்டமும் நூற்றில் இரண்டரைப் பங்கு. சுவரில் தெரியும் புள்ளி, உள்ளே நேரப்போகும் நஷ்டத்துக்கு எழுதி வைத்த சீட்டு.

கோடுகளின் ஓரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நெளிந்திருந்தால் புள்ளிகளுக்கு நடுவே மங்கலான மூட்டம் பரவும். கோடுகளின் இடைவெளியே போகப் போக நழுவியிருந்தால் புள்ளிகள் கூர்மை கெட்டு அகன்றுவிடும். இப்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒவ்வோர் அடையாளம். 2009-ல் தென் கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக் கழகத்திலிருந்து, லித்தியம் நியோபேட் ஸ்படிகங்களைச் சேதப்படுத்தாமல் இம்மாதிரி ஒளிப் புள்ளிகளைக் கொண்டே தரம் பார்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர்கள் வரிசையில் முதலில் நிற்கும் பெயர் பாண்டியன். பூசானில் ஒரு பாண்டியன்! படித்துவிட்டு அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

★

"எல்லாம் சரி. எந்தத் தப்பு பெரிய தப்பு?" என்றாள் அம்மா. குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி அல்லவா இது? விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேயரும் அவருடைய சகாக்களும் 1992-ல் இதற்கு ஒரு கணக்கே எழுதி வைத்தார்கள்.

ரவிக்கைக்குக் கொக்கி வைக்க அடையாளம் போடுகிறீர்கள். இரண்டு விதமாகப் போடலாம். நாடாவை மேலிருந்து கீழ்வரை விரித்து வைத்து, ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு புள்ளி வைக்கலாம். ஒரு புள்ளி கொஞ்சம் தவறினால் அந்தக் கொக்கி மட்டும் தவறும். அடுத்தது மறுபடி சரியான இடத்தில் விழும். இன்னொரு விதம், நாடா இல்லாமல், ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் விரலால் அளந்து அடுத்ததை வைப்பது. முதல் தவறு இரண்டாவதன் தலையில் ஏறும். இரண்டின் தவறும் மூன்றாவதன் தலையில். கடைசிக் கொக்கிக்கு வளையமே அகப்படாது.

ஸ்படிகத்திலும் இதே கதை. முதல் வகைத் தவறுகளைப் பச்சை ஒளி பெரிதும் பொறுத்துக் கொள்கிறது. இரண்டாம் வகை, சேர்ந்து வளரும் தவறு, ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. 1 சென்டிமீட்டர் ஸ்படிகத்தில் ஏறக்குறைய 1,470 ஜோடிக் கோடுகள் என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால், அதில் ஐந்து கூறு கூட இல்லாத தவறு ஒவ்வொரு ஜோடியிலும் சேர்ந்துகொண்டே போனால், கடைசியில் பச்சை ஒன்றுமில்லாமல் போய்விடும்! ஸ்படிகத்தை வளர்க்கும்போதே கோடு போடுவதைக் கைவிட்டு, அச்சுப் பட்டை பதிக்கும் முறைக்கு வந்ததில் இருக்கிற லாபம் இதுதான். அச்சு என்பது நாடா.

அதிலும் ஒரு கருணை உண்டு. எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் தவறியிருந்தால் ஸ்படிகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிறு அடுப்பில் வைத்துச் சில டிகிரி சூடு கூட்டினாலோ குறைத்தாலோ ஒளியின் நடை மாறி, தாளம் மறுபடி கூடிவிடும். ஆனால் ஒரு பாதி ஒரு விதமாகவும் மறுபாதி வேறு விதமாகவும் இருந்தால் எந்தச் சூடும் உதவாது. ஒரு பாதிக்கு ஏற்ற சூடு மறுபாதிக்கு ஆகாது. எல்லாம் ஒன்றுபோல் தப்பாக இருப்பதற்கு மருந்துண்டு. ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதற்குத்தான் மருந்தில்லை.

அந்த அடுப்பே ஒரு பரீட்சையும் ஆகிறது. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பச்சையின் பிரகாசத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், சீரான ஸ்படிகம் நடுவில் ஒரு ராஜகோபுரமும் இருபுறமும் ஒத்த உயரத்தில் சின்னஞ்சிறு கோபுரங்களுமாகப் படம் வரையும். பக்கத்துக் கோபுரம் பெரியதில் நூற்றில் ஐந்து பங்கு உயரங்கூட இராது. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தாலோ, ராஜகோபுரம் அகன்று குட்டையானாலோ, உள்ளே கோடுகள் ஒரே மாதிரி இல்லை என்று பொருள். 2 சென்டிமீட்டர் ஸ்படிகம் 1 சென்டிமீட்டர் ஸ்படிகத்தின் கோபுரத்தை வரைந்தால், பாதி உடம்பு வேலையில் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

★

இவ்வளவு பாடும் எதற்காக? சீராக இருந்தால் பலன் கைமேல் கிடைக்கிறது. 1997-ல் ஸ்டான்போர்டில் 53 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு போட்ட லித்தியம் நியோபேட் ஸ்படிகத்தில் அகச்சிவப்பை ஒரே ஒரு தடவை செலுத்தி, அதில் நூற்றுக்கு 42 பங்கைப் பச்சையாக மாற்றிக் காட்டினார்கள். பதினையாயிரத்துக்கு மேற்பட்ட கோடுகள் ஒற்றுமையாகத் தள்ளிய ஊஞ்சல் அது.

இதையே மறுபுறம் திருப்பி, ஒரு துகளை இரண்டாகப் பிரிக்கவும் செய்கிறார்கள். பிரிந்த இரண்டும், எவ்வளவு தூரம் போனாலும், ஒன்றையொன்று மறவாத இரட்டைப் பிறவிகள். 2016-ல் சீனா அனுப்பிய மிசியஸ் என்ற செயற்கைக் கோளில் கோடு போட்ட ஒரு ஸ்படிகம் இருந்தது. அங்கே பிறந்த இரட்டைகள், 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களில் வந்து இறங்கியதை 2017-ல் அளந்து சொன்னார்கள். கருங்குழிகள் மோதும்போது எழும் ஈர்ப்பு அலைகளை அமெரிக்காவில் இரண்டு இடங்களிலிருந்து உற்றுக் கேட்கும் லைகோ கூடங்களிலும், 2019 முதல், கேட்கும் காதின் இரைச்சலைக் குறைக்கக் கோடு போட்ட ஸ்படிகம் உதவுகிறது. எங்கோ ஒரு சிறு சில்லில் ஒரு கோடும் அதற்கு அடுத்த கோடும் ஒரே அகலமாக இருப்பதை நம்பி, ஆகாயத்தில் இத்தனை காரியம் நடக்கிறது.

அம்மாவின் பார்வை மேலும் மங்காமல் நின்றிருக்கிறது. தினசரித் தாளைத் தானே படித்துக்கொள்கிறாள். இந்தக் கதையெல்லாம் கேட்ட பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "முதலில் வந்த புள்ளியை அழுக்கென்று துடைத்துவிட்டார்கள். இப்போது புள்ளி வராவிட்டால் நல்லது என்கிறார்கள். நல்ல கூத்து!"

கூத்துத்தான். ஆகையால், நேயர்களே, ஏதாவது ஒரு விஞ்ஞானக் கூடத்துக்குப் போகும் சந்தர்ப்பம் உங்களுக்கு வாய்த்து, இருட்டறையில் ஒருவர் ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிக் கொண்டிருந்தால், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்து விடாதீர்கள். நடுப்புள்ளியிலிருந்து 19 சென்டிமீட்டர் தள்ளிப் பாருங்கள். அங்கே இருட்டாக இருந்தால், நீங்களும் கூடச் சேர்ந்து சந்தோஷப்படலாம்.